பொட்டி எங்கே இருக்கிறது?

ஹாஸ்டல் மூன்றாவது மாடியில் ஓர் அறை. கட்டிலுக்கு அடியில் ஸ்கிரீன் உடைந்த பழைய லேப்டாப் ஒன்று. லினக்ஸ் போட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, ராத்திரி பகலாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கோப்புகள், நாலு வருடக் கேள்வித்தாள்கள், கொஞ்சம் சினிமா, எல்லாம் அதற்குள். பசங்க வைத்த பெயர் "பொட்டி".

பொட்டியைக் கொண்டுவந்து வைத்தவன் அந்த அறைக்காரன். ப்ராஜெக்ட் குழுவில் அவனோடு இன்னும் மூன்று பேர். ஹாஸ்டல் வழக்கப்படி ஊர்ப் பெயரே கூப்பிடும் பெயர்: நாமக்கல், தூத்துக்குடி, தேனி. நாலு பேரும் காசு போட்டு வாங்கிய ரவுட்டரில் பக்கத்து அறைக்காரர்களும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பொட்டியின் முகவரியை அவன் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான். 192.168.1.23. அதை பிரவுசரில் அடித்தால் பொட்டி திறக்கும். ஒன்றரை மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

இரண்டாவது ரிவ்யூ நாள் காலையில் நாமக்கல் அந்த முகவரியை அடித்தான். திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை! காலி ஃபோல்டர். ரிப்போர்ட் இல்லை, சென்சார் அளவீடுகள் இல்லை, எதுவுமே இல்லை.

முந்தைய நாள் ராத்திரிதான் தூத்துக்குடி, "இடம் பத்தலடா, பழைய படத்தையெல்லாம் தூக்கிடுறேன்" என்று பொட்டிக்குள் போய் எதையோ அழித்திருந்தான். அப்புறம் கேட்க வேண்டுமா?

"படத்த மட்டும்தான்டா அழிச்சேன். சத்தியமா."

"அப்ப ரிப்போர்ட்டு தானா எந்திரிச்சுப் போயிருச்சா?"

பழைய பிரதியை வைத்து ரிவ்யூவை ஒப்பேற்றினார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார் கைடு. மதியம் மெஸ்ஸில் தூத்துக்குடி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். பாதியில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான்.

சாயங்காலம்தான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. டிவி ஹாலிலிருந்து கேபிளைக் கடன் வாங்கி, பொட்டியை ஒரு மானிட்டரில் மாட்டிப் பார்த்தான். எல்லாக் கோப்பும் பத்திரமாக இருந்தது. மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பொட்டியின் முகவரி இப்போது 192.168.1.31.

நடந்தது இதுதான். விடியற்காலை கரண்ட் போய் வந்திருக்கிறது. ரவுட்டர் திரும்ப எழுந்து, யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்கு முகவரிகளைக் கொடுத்திருக்கிறது. இந்த முகவரிகள் நிரந்தரமானவை இல்லை, குத்தகைக்கு விடப்படுபவை. 23ஆம் எண் பக்கத்து அறைக்காரனின் புது லேப்டாப்புக்குப் போய்விட்டது. அவன் எதற்கோ திறந்து வைத்திருந்த காலி ஃபோல்டரைத்தான் நாமக்கல் பார்த்திருக்கிறான். வாடகை வீட்டில் ஆள் மாறியது தெரியாமல் கதவைத் தட்டிவிட்டு, "சாமானையெல்லாம் திருடிட்டாங்க" என்று ஊரைக் கூட்டிய கதை.

தூத்துக்குடியிடம் மூன்று பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். "சரி விடுங்கடா" என்றான். ஆனால் அதற்கப்புறம் பொட்டியில் அவன் எதையும் தொடவில்லை.

இந்த 192.168 என்ன எண், ஏன் எங்கே பார்த்தாலும் இதுவே இருக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே நடந்தது புரியும்.

இணையத்தில் ஒரு முகவரி ஒரே ஒரு இடத்துக்குத்தான் சொந்தம். ஆனால் வீட்டுக்குள், ஆபீஸுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இயந்திரங்களுக்கு உலகத்துக்கே பொதுவான முகவரி எதற்கு? இதற்காக 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்கியது. 10 என்று தொடங்குபவை 1,67,77,216 முகவரிகள். 172.16 முதல் 172.31 வரை 10,48,576. 192.168 என்று தொடங்குபவை 65,536. இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்தலாம். ஒரே நிபந்தனை, இவை வெளி இணையத்தில் செல்லாது. சென்னையில் ஒரு வீட்டிலும் சிகாகோவில் ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.23 இருக்கலாம். இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த 10, ஒரு காலத்தில் இணையத்தின் மூதாதையான ஆர்ப்பாநெட்டின் எண்ணாகவே இருந்தது. 1990இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்டது. காலியான அந்த எண்ணைத்தான் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள்.

சரி, முகவரி மாறுகிறது. அப்படியானால் பெயர் வைத்துவிட வேண்டியதுதானே? அவனும் அதைத்தான் செய்தான்.

ஒவ்வொரு கணினியிலும் "ஹோஸ்ட்ஸ்" என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. ஒரு வரியில் முகவரி, பக்கத்திலேயே பெயர், அவ்வளவுதான். நாலு லேப்டாப்பிலும் உட்கார்ந்து "192.168.1.31 பொட்டி" என்று எழுதினான். இனிமேல் பொட்டி என்று அடித்தாலே போதும். நாலு நாள் நன்றாக ஓடியது. மறுபடி கரண்ட் போனது. மறுபடி முகவரி மாறியது. மறுபடி நாலு லேப்டாப். தேனி அன்றைக்கு ஊரில் இருந்தான், அவன் லேப்டாப்பில் மட்டும் பழைய எண். போனில் அந்தக் கோப்பைத் தொடவே முடியாது.

இணையமே ஒரு காலத்தில் இப்படித்தான் ஓடியது என்றால் நம்புவீர்களா? கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் ஒரு தகவல் மையம் இருந்தது. தலைவர் எலிசபெத் ஃபெய்ன்லர். ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் முகவரியும் அவர்கள் பராமரித்த ஒரே ஒரு கோப்பில் இருந்தன. புதுக் கணினி வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்காதவர்களுக்குப் பழைய எண்தான். தேனியின் லேப்டாப் போல.

கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டிஎன்எஸ் என்ற முறையை வடிவமைத்தார். அதன் சாரம் இதுதான்: பட்டியலை எல்லாரும் கையில் வைத்திருக்க வேண்டாம், தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயருக்கும் பொறுப்பான ஒருவர் இருப்பார். அவர் சொல்வதுதான் பதில்.

அவனும் அடுத்து அதற்கே வந்தான். பொட்டியிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன மென்பொருளை நிறுவினான். பெயர் கேட்டால் பதில் சொல்வது, முகவரிகளைக் குத்தகைக்கு விடுவது, இரண்டு வேலையையும் அதுவே பார்க்கும். ரவுட்டரை முகவரி கொடுக்கும் வேலையிலிருந்து நிறுத்தினான். பொட்டிக்கு 192.168.1.200 என்று நிலையான எண். இனி அறையில் யார் "பொட்டி" என்று கேட்டாலும் பொட்டியே பதில் சொல்லும், "நான்தான், 200ஆம் எண்". தனக்குத் தெரியாத பெயர்களை மட்டும் வெளியே கேட்டு வாங்கித் தரும்.

ஆனால் ஒரு தப்புச் செய்தான். பொட்டி அணைந்துவிட்டால் யாருக்கும் நெட் வராதே என்று பயந்து, எல்லாக் கருவிகளுக்கும் இரண்டாவதாக ஒரு வெளி டிஎன்எஸ் முகவரியையும் கொடுத்து வைத்தான். முதலாமவர் இல்லாவிட்டால் மட்டும் இரண்டாமவரைக் கேட்கும் என்பது அவன் நினைப்பு. அப்படி ஒரு கட்டாயமே இல்லை. கருவிகள் இரண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்கும். வெளியாளைக் கேட்டால் "பொட்டியா? அப்படி யாரும் இல்லையே" என்பார். அதைக் கேட்ட கருவி திருப்தியாகிவிடும், வேறு யாரையும் கேட்காது. அதனால் பொட்டி சில நேரம் கிடைத்தது, சில நேரம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு அந்த இரண்டாவது முகவரியை எடுத்தான். எல்லாம் சரியானது.

தேனியின் போன் மட்டும் அடம் பிடித்தது. அதில் விளம்பரங்களைத் தடுப்பதற்காக "பிரைவேட் டிஎன்எஸ்" என்ற இடத்தில் ஒரு வெளி நிறுவனத்தின் பெயரைப் போட்டு வைத்திருந்தான். ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் வசதி இது. அப்படிப் போட்டுவிட்டால் எந்த அறையில் இருந்தாலும் போன் அந்த நிறுவனத்தைத்தான் கேட்கும். அறையில் இருக்கும் பொட்டியை ஒரு வார்த்தை கேட்காது.

இங்கேதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வருடத்துக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தால் இணையத்தில் சொந்தமாக ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயருக்கான பதிலாக 192.168.1.200 என்று எழுதிவிட்டால்? உலகத்தில் எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். எழுதினான். தேனியின் போனிலும் பொட்டி திறந்தது. அன்றைக்கு ராத்திரி டீ செலவு தேனியுடையது.

பொங்கல் லீவு வந்தது. எல்லாரும் ஊருக்குப் போனார்கள்.

இரண்டாம் நாள் நாமக்கல்லின் மாமாவிடமிருந்து அவனுக்கு போன். நாமக்கல் லீவுக்குத் தங்கியிருந்தது மாமா வீட்டில்தான். மாமாவுக்கு முட்டைக் குடோன். அங்கே நாலு சிசிடிவி கேமரா. அவற்றைப் பதிவு செய்யும் பெட்டி வீட்டிலேயே இருந்தது.

"தம்பி, நேத்து ராத்திரிலேர்ந்து பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா போன்ல வருது. யாரோ தப்புப் பாஸ்வேர்டு போட்டு கேமராவுக்குள்ள நுழையப் பாக்கறாங்களாம். குடோனுக்கு ஆள் அனுப்பிக் காவல் போட்டுட்டேன். இவனக் கேட்டா உன்னக் கேக்கச் சொல்றான்."

நாமக்கல்லின் லேப்டாப்பில் ஒரு ஸ்க்ரிப்ட் இருந்தது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பொட்டிக்குள் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நுழைந்து, புதுக் கோப்புகளைப் போட்டுவிட்டு வரும். எழுதிக் கொடுத்ததும் அவன்தான். மாமா வீட்டிலும் அந்த ஸ்க்ரிப்ட் தன் கடமையைச் செய்தது. பொட்டி எங்கே என்று கேட்டது. உலக டிஎன்எஸ் நேர்மையாக 192.168.1.200 என்றது. மாமா வீட்டு ரவுட்டரும் 192.168.1 வகைதான். அங்கே 200ஆம் எண்ணில் இருந்தது சிசிடிவி பெட்டி. ஸ்க்ரிப்ட் அதன் கதவைத் தட்டி, ஹாஸ்டல் பாஸ்வேர்டை நீட்டியிருக்கிறது. விடிய விடிய!

மாமாவைச் சமாதானப்படுத்திவிட்டார்கள். சிரித்தும் முடித்தார்கள். ஆனால் அந்த 200ஆம் எண்ணில் ஒரு சிசிடிவி பெட்டிக்குப் பதில், வேண்டுமென்றே காது கொடுத்துக் கேட்கும் ஒருவன் இருந்திருந்தால்? ரயில்வே ஸ்டேஷன் வைஃபையிலோ, காபிக் கடையிலோ? ஸ்க்ரிப்ட் அவனிடமும் இதே மரியாதையோடு பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கும்.

லீவு முடிந்து வந்ததும் எம்.ஈ. படிக்கும் ஒரு சீனியர் அண்ணனிடம் இதைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. "உனக்கு ஒரு சிசிடிவியோட போச்சு. உலகத்துல பெரிய பெரிய கம்பெனிங்க இதே தப்பத்தான் செஞ்சிருக்காங்க, தெரியுமா?" என்று கார்ப் டாட் காம் கதையைச் சொன்னார்.

1994இல் மைக் ஓ'கானர் என்ற அமெரிக்கர் சில நல்ல பெயர்களை வாங்கிப் போட்டார். அதில் ஒன்று கார்ப் டாட் காம். அதை அவர் பெரிதாக எதற்கும் பயன்படுத்தவில்லை. பிறகு விண்டோஸ் 2000 சர்வர் வந்தது. அலுவலக வலையமைப்புக்குப் பெயர் வைக்கும் இடத்தில் "கார்ப்" என்பது உதாரணமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஏராளமான நிறுவனங்கள் அதை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டன. அலுவலகத்துக்குள் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. கார்ப் என்று கேட்டால் உள்ளே இருக்கும் சர்வர் பதில் சொல்லும். ஊழியர் அதே லேப்டாப்பை ஒரு காபிக் கடைக்கு எடுத்துப் போனால்? அங்கே உள் சர்வர் இல்லை. கேள்வி வெளியே போகும். கார்ப் என்பது கார்ப் டாட் காம் ஆகி, ஓ'கானரின் வாசலில் வந்து நிற்கும்.

எவ்வளவு வந்தது? 2019இல் ஜெஃப் ஷ்மிட் என்ற பாதுகாப்பு வல்லுநர் எட்டு மாதம் அதைக் கவனித்தார். 3,75,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகள் சம்பந்தமே இல்லாமல் அங்கே வந்து கதவைத் தட்டின. சோதனைக்காகக் கதவைக் கொஞ்சம் திறந்தபோது உள்ளே நுழையும் விவரங்கள் கொட்டத் தொடங்கின. பதினைந்தே நிமிடத்தில் சோதனையை நிறுத்தி, வந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். மின்னஞ்சலை வாங்கிப் பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல் வந்து விழுந்தது.

ஓ'கானர் நினைத்திருந்தால் என்னவெல்லாமோ செய்திருக்கலாம். செய்யவில்லை. வயதான காலத்தில் அதை விற்க முன்வந்தபோது அவர் சொன்ன ஆரம்ப விலை 17 லட்சம் டாலர். தப்பான ஆள் கையில் போய்விடக் கூடாது, மைக்ரோசாஃப்ட்டே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. 2020இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியும்விட்டது. என்ன விலைக்கு என்று வெளியே சொல்லவில்லை.

"பேரு வீட்டுக்குள்ள வச்சாலும் கேள்வி வெளிய போகும்டா. வெளிய போற கேள்விக்கு யாரு பதில் சொல்லுவான்னு நீ யோசிக்கல" என்றார் அண்ணன்.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார்கள்.

முதலில் உலக டிஎன்எஸ்ஸில் எழுதிய பதிலை அழித்தான். அடுத்தது புதுப் பெயர். வீட்டுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளத்தக்க பெயர்கள் இப்போது ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வீட்டு வலையமைப்புகளுக்கு "ஹோம் டாட் ஆர்ப்பா" என்ற முடிவு 2018இல் வந்தது. கார்ப், ஹோம், மெயில் என்று முடியும் பெயர்களை யாருக்கும் கொடுப்பதில்லை என்று அதே வருடம் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு முடிவெடுத்தது. 2024 ஜூலையில் "இன்டர்னல்" என்ற முடிவை உள் வலையமைப்புகளுக்காகவே ஒதுக்கியது. இந்தப் பெயரை யாரும் எப்போதும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதனால் பொட்டி டாட் இன்டர்னல் என்று ஊரில் போய்க் கேட்டால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதில்தான் வரும். மாமாவின் சிசிடிவி நிம்மதியாக இருக்கும்.

தேனி தன் போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றிக்கொண்டான். கொஞ்சம் முணுமுணுத்தான்.

கடைசி மாற்றம்தான் முக்கியமானது. ஸ்க்ரிப்ட் இனி எஸ்எஸ்எச் வழியாகப் போகும். கதவைத் தட்டியதும், எதிரில் இருப்பது பொட்டிதானா என்று அதன் சாவியை முதலில் சரிபார்க்கும். சாவி பொருந்தாவிட்டால் ஒன்றும் பேசாமல் திரும்பிவிடும். பெயரும் எண்ணும் எங்கே போக வேண்டும் என்றுதான் சொல்லும். அங்கே இருப்பது யார் என்று சொல்லாது. காலி ஃபோல்டரைப் பார்த்த அன்றைக்கு இந்தச் சோதனை இருந்திருந்தால், திறந்தது பொட்டியே இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். தூத்துக்குடி மெஸ்ஸில் தனியாகச் சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் அறையிலும் இப்படி ஒரு பொட்டி இருக்கிறதா? மூன்று விஷயம் பாருங்கள். அதற்கு நிலையான முகவரி இருக்கிறதா? அதன் பெயர், வேறு யாரும் வாங்க முடியாத பெயர்தானா? அந்தப் பெயரை வேறொரு ஊரிலிருந்து கேட்டால் என்ன பதில் வரும்? மூன்றாவதை ஊருக்குப் போகும் முன்பே யோசித்துவிடுங்கள். எல்லாருக்கும் பொறுமையான மாமா வாய்க்க மாட்டார். :-)

கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதிய எண்ணை அவன் துடைத்துவிட்டான். அந்த இடத்தில் இப்போது பெயர் மட்டும் இருக்கிறது. எழுதியது தூத்துக்குடி.